விதை நல்லதுதான்... அப்புறம் ஏன் முளைக்கல? மண்ணுக்குள் வெயிலும் உப்பும் சேர்ந்து செய்யும் வேலை!

ஆடிப்பட்டத்துக்கு உழுது, விதைத்து, பத்து நாள் ஆச்சு. கொல்லையில் பச்சையே தெரியவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் பெரும்பாலான விவசாயிகள் முதலில் போய் நிற்பது விதைக் கடை வாசலில்தான். 'அட்டையில முளைப்புத்திறன் 75 சதவீதம்னு போட்டிருக்கே, பாதி கூட வரலையே' என்று கேட்பார்கள். கடைக்காரர் சொல்லும் பதிலும் பல ஊர்களில் ஒன்றுதான்: 'விதை நல்ல விதைங்க, உங்க மண்ணுதான் சரியில்ல.'

இதில் யார் சொல்வது சரி? சில நேரம் விதையே பழுதாக இருக்கும். சில நேரம் விதையில் குறையே இருக்காது. அது கிடந்த மண்ணின் சூடும், அந்த ஈரத்தில் கரைந்திருந்த உப்பும் சேர்ந்து முளையை அடக்கியிருக்கும். சேர்ந்து என்பதுதான் இங்கே முக்கியம். தனித்தனியாக வந்தால் விதை தாங்கிக்கொள்ளும் சூட்டையும் உப்பையும், ஒரே நேரத்தில் வந்தால் அதனால் தாங்க முடியாது.

மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் கரியாலூர், அதைத் தாண்டி வெள்ளிமலை. மலையாளி பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு என்று மழையை நம்பிப் பயிர் செய்யும் ஊர்கள் இவை. பொதுவாக ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் கணக்கில் 700 மீட்டர் மேலே போனாலே நாலரை டிகிரி குறைந்துவிடும்.

மலையில் உப்புத் தொல்லையும் பெரிதாகக் கிடையாது. சரிவான நிலம் என்பதால் மழை பெய்யும்போதெல்லாம் மண்ணில் உள்ள உப்பு கரைந்து ஓடிவிடுகிறது. கோமுகியும் மணிமுக்தாவும் இந்த மலையில் பிறந்து கீழே இறங்கும் ஆறுகள். தண்ணீர் ஓடும் இடத்தில் உப்பு தங்காது. தேங்கி, வெயிலில் ஆவியாகும் இடத்தில்தான் தங்கும்.

இப்போது கரியாலூரில் ஒரு பிடி சாமை விதையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவோம். அதே விதை, அதே பை. ஆனால் கீழே கொல்லை மண் இன்னும் சூடு. மழை தள்ளிப்போனால் போர்வெல் தண்ணீர்தான் கதி. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க பல போர்வெல்களில் தண்ணீரின் உப்புத்தன்மை கூடும். விதைக்குள் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அதற்குக் கிடைத்திருக்கும் வீடு வேறு.

சூடு விதையை என்ன செய்கிறது?

கொஞ்சம் சூடு விதைக்கு நல்லது. தண்ணீரை உறிஞ்சியதும் விதைக்குள் நொதிகள் வேலையைத் தொடங்கும். சேமித்து வைத்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். முளைக்கரு அதைத் தின்று வளரும். இந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது.

கம்பை வைத்து இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1982-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சுமார் 10 முதல் 12 டிகிரிக்குக் கீழே கம்பு முளைக்காது. அங்கிருந்து 33, 34 டிகிரி வரை முளைக்கும் வேகம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும். அதற்கு மேல் மளமளவென்று சரியும். 45, 47 டிகிரியைத் தொட்டால் முளைப்பு நின்றுவிடும்.

ஏறும்போது பல டிகிரி தூரம், இறங்கும்போது சில டிகிரிதான் என்பதைக் கவனியுங்கள். நல்ல வெப்பத்துக்கும் ஆபத்தான வெப்பத்துக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறைவு.

இவ்வளவுக்கும் கம்பு சூட்டைத் தாங்கும் பயிர். '45 டிகிரி வெயில் விதைப்பு நேரத்தில் எங்கே அடிக்குது?' என்று கேட்கலாம். டிவியில் நாம் சொல்லும் வெப்பநிலை, நிழலில், தரையில் இருந்து ஓர் ஆள் உயரத்தில் அளக்கும் காற்றின் வெப்பம். விதை கிடப்பதோ மண்ணில். காற்று 38 டிகிரி இருக்கும் மதியத்தில், காய்ந்த வெற்று மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெறுங்காலில் கொல்லையில் நடந்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை.

ஆழத்தில் விதைத்தால் சூடு குறையும். ஆனால் சாமை, தினை மாதிரி பொடி விதைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆயிரம் சாமை விதையை நிறுத்தாலே சில கிராம்தான் வரும். அவ்வளவு சின்ன விதையில் ஆழத்தில் இருந்து மேலே வரும் அளவுக்குச் சாப்பாடு இருக்காது. அதனால் மேலாகத்தான் விதைக்க வேண்டும். மேலேதான் சூடு அதிகம்.

உப்பு எப்படித் தடுக்கிறது?

மாங்காய் நறுக்கி உப்புப் போட்டுக் கிளறி வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விடும். உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. உப்பு மண்ணில் கிடக்கும் விதைக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். விதை தண்ணீரை உள்ளே இழுக்கப் பார்க்கும். வெளியே இருக்கும் உப்பு அதை விடாமல் பிடித்து வைக்கும். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும். விதைக்கு அது எட்டாது.

இது முதல் அடி. இதில் விதை சாகாது, காத்திருக்கும். நல்ல மழை பெய்து உப்பு கரைந்து கீழே இறங்கினால் எழுந்துகொள்ளும்.

இரண்டாவது அடிதான் மோசம். உப்பில் இருக்கும் சோடியமும் குளோரைடும் மெல்ல விதைக்குள் நுழைந்து முளைக்கருவையே நஞ்சாக்கும். அந்த விதையை அப்புறம் எவ்வளவு நல்ல தண்ணீரில் போட்டாலும் முளைக்காது.

ஆய்வகங்களில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் முளைக்காத விதைகளைக் கழுவி நல்ல தண்ணீருக்கு மாற்றுவார்கள். முளைத்தால் அது தாகத்தில் காத்திருந்த விதை. முளைக்காவிட்டால் நஞ்சேறிய விதை. கடற்கரை உவர் நிலத்தில் வளரும் உமரி போன்ற செடிகளின் விதைகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும். நம் பயிர் விதைகளில் பலவற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும்? உலக உணவு வேளாண் நிறுவனமான எஃப்.ஏ.ஓ. தரும் பட்டியலில், மண்ணின் உப்புத்தன்மை 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே மக்காச்சோள விளைச்சல் குறையத் தொடங்கும். நிலக்கடலைக்கு அது 3.2. தட்டைப்பயறுக்கு 4.9. சோளத்துக்கு 6.8. டெசிசீமன்ஸ் என்பது மின்கடத்தும் திறனை அளக்கும் அலகு. உப்பு கூடினால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதை வைத்து அளக்கிறார்கள். ஒரு டெசிசீமன்ஸ் என்றால் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் விளைச்சல் கணக்கு. முளைப்புக்கான எல்லை பயிருக்குப் பயிர் மாறும். சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் அதிகம் என்பதால் அந்த 1.7-ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மண்வள அட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டையில் போடும் மின்கடத்தும் திறன், மண்ணில் அதிகத் தண்ணீர் கலந்து அளப்பது. அதனால் எண் சின்னதாகத்தான் வரும். அதை எடுத்து எஃப்.ஏ.ஓ. எண்ணோடு நேராக ஒப்பிட்டால் தப்பாகிவிடும். அட்டையில் 1-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பயிருக்குப் பயமில்லை.

இரண்டும் சேர்ந்தால்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வறண்ட நிலச் செடிகளை வைத்து உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வரும் முடிவு இது: ஒரு விதை தனக்குப் பிடித்த வெப்பத்தில் இருக்கும்போதுதான் அதிக உப்பைத் தாங்குகிறது. அந்த வெப்பத்தில் இருந்து விலகிப் போகப் போக, குறைந்த உப்புக்கே மடங்கிவிடுகிறது.

காரணம் ஒன்றிரண்டு இல்லை. முதலாவது வெறும் கூட்டல் கழித்தல். மண்ணின் மேல் அடுக்கில் இருக்கும் தண்ணீரில் பாதி வெயிலில் ஆவியாகிவிட்டால், மீதிப் பாதியில் உப்பின் அடர்த்தி இரண்டு மடங்கு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கீழே உள்ள ஈரமும் மேலே ஏறி வந்து, உப்பை மேலேயே விட்டுவிட்டுப் போகும். வெள்ளை பூத்த வயல் வரப்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆக விதை கிடக்கும் அந்த ஒன்றிரண்டு அங்குல மண்ணில்தான் உப்பும் அதிகம், சூடும் அதிகம். ஒட்டுமொத்தமாக மண்ணைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தால் 'பரவாயில்லை' என்று முடிவு வரும். விதை இருந்த இடத்தில் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

அடுத்தது விதைக்குள் நடப்பது. உப்பினால் முளைப்பு தள்ளிப்போகும் நாட்களில் விதை சும்மா இருப்பதில்லை, மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சூடு கூடினால் மூச்சும் வேகமாகும். கையில் இருந்த சாப்பாடு, முளைக்கும் முன்பே தீர்ந்துகொண்டே வரும். அதிக வெப்பத்தில் செல் சவ்வுகளும் கசியத் தொடங்கும். சாதாரண வெப்பத்தில் வெளியே நிறுத்தி வைத்திருந்த சோடியம் அப்போது எளிதாக உள்ளே வரும். காத்திருந்த விதை, செத்த விதையாக மாறுவது இப்படித்தான். போதாக்குறைக்கு, ஊறியும் முளைக்காமல் கிடக்கும் விதையைப் பூஞ்சாணம் சும்மா விடாது.

காட்டு விதை உப்பை வைத்தே மழையை அளக்கும்!

பயிர் விதைகள் இப்படி மாட்டிக்கொள்ள, காட்டு விதைகள் எப்படித் தப்பிக்கின்றன? ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் 'சால்ட்புஷ்' என்ற புதர்ச்செடி உண்டு. அதன் விதையைச் சுற்றியுள்ள உறையில் செடியே உப்பைச் சேர்த்து வைத்திருக்கும். லேசான தூறலுக்கு அந்த உப்பு கரையாது; விதையும் முளைக்காது. நல்ல மழை பெய்து உறையில் உள்ள உப்பு கழுவப்பட்ட பிறகுதான் முளை விடும். உப்பையே மழைமானியாக வைத்திருக்கிறது அந்தச் செடி.

நம் ஊரிலும் இந்த எச்சரிக்கை புத்தி இருக்கிறது, வேறு வடிவில். கல்வராயன் மலையின் கடுக்காய், சரக்கொன்றை போன்றவற்றுக்குக் கல் மாதிரி ஓடு. வெயில், மழை, கால்நடை வயிறு என்று ஏதோ ஒன்று அந்த ஓட்டைத் தேய்த்து உடைக்கும் வரை தண்ணீர் உள்ளே போகாது. நாற்றங்காலில் இவற்றை முளைக்க வைக்கப் பெரும்பாடு படுவது இதனால்தான்.

எல்லோரும் திட்டும் சீமைக் கருவேலமும் இதே ரகம். 1870-களில் அன்றைய மதராஸ் மாகாணத்தின் கடப்பா பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட மரம் இது. ஆடு, மாடு நெற்றைத் தின்று சாணத்தில் போடும் விதை, சூட்டையும் உப்பையும் தாங்கி முளைக்கிறது. நெல்லும் சோளமும் கைவிட்ட உவர் நிலத்தில் அது செழிப்பாக நிற்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பயிர் விதையில் இந்தத் தயக்கத்தை மனிதர்கள்தான் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டோம். எல்லாம் ஒரே நாளில் முளைக்க வேண்டும், ஒரே நாளில் அறுக்க வேண்டும் என்பது நம் தேவை. விளைவு, ஏமாற்று மழையை நம்பி மொத்த விதையும் ஒரே நாளில் கிளம்பிவிடுகிறது. அடுத்த வாரம் வெயில் அடித்தால் மொத்தமும் போச்சு.

தமிழ்நாட்டில் உவரை விடக் களர்தான் அதிகம்

கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். இதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். இதில் கடற்கரை போன்ற உவர் நிலம் 13 ஆயிரம் ஹெக்டேர்தான். மீதி கிட்டத்தட்ட 3.55 லட்சம் ஹெக்டேரும் களர் நிலம்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் போய்விடும். 2004 சுனாமியில் கடல் நீர் புகுந்த நாகை வயல்களில் பலவும், அடுத்து வந்த மழையில் உப்பு கழுவப்பட்டு மீண்டது இதனால்தான். களர் நிலத்தில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும். வெறும் தண்ணீர் விட்டால் சரியாகாது, ஜிப்சம் போட்டு சோடியத்தை வெளியேற்ற வேண்டும். களர் மண் காய்ந்தால் மேலே ஓடு மாதிரி இறுகும். உள்ளே விதை முளைத்திருக்கும், மேலே வர வழி இருக்காது. செம்மண் நிலத்திலும், களர் இல்லாமலே, மழைக்குப் பின் வெயில் அடித்தால் இந்த இறுக்கம் வருவதுண்டு.

அட்டையில் உள்ள 75 எங்கே அளந்தது?

சான்று பெற்ற விதைப் பையில் நீல நிற அட்டை இருக்கும். சோளம், கம்பு, கேழ்வரகு, உளுந்துக்கு விதைச் சான்றுத் தரப்படி குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம். நிலக்கடலைக்கு 70, நெல்லுக்கு 80, மக்காச்சோளத்துக்கு 90. இந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் அளந்த இடம் ஆய்வகம். வெப்பம் பெரும்பாலும் 20 முதல் 30 டிகிரிக்குள், நல்ல தண்ணீர், அளவான ஈரம். அதாவது அந்த எண் விதையால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்கிறது. உங்கள் கொல்லையின் சூட்டிலும், உங்கள் போர்வெல் தண்ணீரிலும் எவ்வளவு வரும் என்பதை அது சொல்லாது.

அதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம், செலவு ஒன்றும் இல்லை. விதைப்புக்குப் பத்து நாள் முன்பு, பையில் இருந்து இருநூறு விதையை எண்ணி எடுங்கள். நூறை மழைநீரிலோ நல்ல குடிநீரிலோ நனைத்த துணியில் சுருட்டி வையுங்கள். இன்னொரு நூறை வயலுக்குப் பாய்ச்சும் அதே தண்ணீரில் நனைத்த துணியில் சுருட்டி, இரண்டையும் ஒரே இடத்தில் நிழலில் வையுங்கள். துணி காயாமல் அதே அதே தண்ணீரைத் தெளியுங்கள். ஒரு வாரத்தில் எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் வரவில்லை என்றால் விதைதான் பிரச்னை. நல்ல தண்ணீரில் வந்து வயல் தண்ணீரில் வராவிட்டால் தண்ணீர்தான் பிரச்னை. இரண்டிலும் நன்றாக வந்து கொல்லையில் மட்டும் வரவில்லை என்றால் மண், சூடு, ஆழம் இவற்றைப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே விதைத்து வரவில்லை என்றால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். விதை உப்பாமல், கடினமாக அப்படியே கிடந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை. மழைக்கு இன்னும் வாய்ப்பு உண்டு. ஊறி, கொழகொழவென்று நசுங்கினால் செத்துவிட்டது, மறு விதைப்புதான். வெள்ளை முளை வளைந்து நெளிந்து மண் ஓட்டுக்கு அடியில் நின்றால், லேசாகத் தண்ணீர் தெளித்து இறுக்கத்தை உடைத்தால் பிழைக்கலாம்.

என்னதான் செய்யலாம்?

மானாவாரிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லி வரும் வழி, விதையைக் கடினப்படுத்துவது. சோளமாக இருந்தால், ஒரு கிலோ விதைக்கு 350 மில்லி என்ற அளவில் 2 சதவீத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும் வரை நிழலில் உலர்த்துவது. முளைப்பின் முதல் கட்ட வேலைகளை விதை முன்கூட்டியே முடித்துக்கொள்வதால், மண்ணுக்குள் போன பிறகு தடுமாறும் நாட்கள் குறையும். சூட்டிலும் உப்பிலும் ஒவ்வொரு நாளும் கணக்குதான். இப்படிக் கடினப்படுத்திய சோள விதையை மழைக்கு முன்பே 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கச் சொல்கிறார்கள். அந்த ஆழம் நனையும் அளவுக்கு மழை பெய்தால்தான் விதை விழிக்கும், தூறலுக்கு ஏமாறாது. சால்ட்புஷ் செய்வதை நாம் ஆழத்தை வைத்துச் செய்கிறோம், அவ்வளவுதான்.

பார் பிடித்து விதைப்பவர்கள் பாரின் உச்சியைத் தவிர்ப்பது நல்லது. தண்ணீர் பாயும்போது உப்பு ஏறிப் போய்ச் சேரும் இடம் அந்த உச்சிதான். பக்கவாட்டில் விதைத்தால் விதை தப்பும்.

ஒரு சின்னக் குறிப்பு. கம்பில் தேன் ஒழுகல் நோய் கண்ட விதையைப் பிரிக்க 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து, மிதப்பதை நீக்கும் பழக்கம் உண்டு. நல்ல முறைதான். ஆனால் அதற்குப் பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை கழுவச் சொல்வதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

விதைதான் பழுது என்றால்?

விதை பழுது என்று உறுதியானால் விவசாயி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? போகலாம். தேசிய விதைக் கழகம் தாக்கல் செய்த மேல்முறையீட்டில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. விதைச் சட்டம் இருக்கிறது என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கதவு மூடிவிடாது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயியிடம், பரிசோதனைக்கு மீதி விதை கொண்டுவா என்று எதிர்பார்க்கவும் முடியாது.

ஆனாலும் இப்படிப்பட்ட வழக்குகளில் விற்றவர் தரப்பு வாதம் எப்போதும் மண், தண்ணீர், வெயில் பக்கம்தான் போகும். அதனால் பில், நீல அட்டை, விதைத்த தேதி, கொல்லையின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். முடிந்தால் அதே பையில் இருந்து ஒரு பிடி விதையும். இரண்டு துணியில் எண்ணிப் பார்த்த கணக்கும் அவற்றோடு இருந்தால், வேளாண் அலுவலர் வயலுக்கு வரும்போது பேச்சு மண்ணில் தொடங்காது, விதையில் தொடங்கும்.